வெப்பம் வந்த வழி – 17: டெய்ட் திருப்பிய சொல், கிப்ஸ் நிமிர்த்திய சொல்

1868ஆம் ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் வெப்ப இயக்கவியல் பற்றி ஒரு சிறிய புத்தகம் வெளியிட்டார். அதில் ஓரிடத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முன் ருடால்ஃப் கிளாசியஸ் உருவாக்கிய ‘என்ட்ரோபி’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். அருமையான சொல் என்று அதைப் பாராட்டினார். பாராட்டிய கையோடு, கிளாசியஸ் சொன்னதற்கு நேர் எதிரான பொருளில் அதைத் தாம் பயன்படுத்தப் போவதாக அறிவித்தார். கிளாசியஸின் கணக்கில் பிரபஞ்சத்தின் என்ட்ரோபி ஏறிக்கொண்டே போகும். டெய்டின் கணக்கில் அது இறங்கிக்கொண்டே வந்து பூஜ்யத்தை நெருங்கும்.

இயற்பியலில் ஒரே சொல்லுக்கு இரண்டு பேர் இரண்டு பொருள் சொன்ன சந்தர்ப்பங்கள் பல உண்டு. ‘விசை’ என்ற சொல் பட்ட பாட்டை ஹெல்ம்ஹோல்ட்ஸ் பற்றிய பகுதியில் பார்த்தோம். ஆனால் சொல்லை ஆக்கியவர் உயிரோடு, வேலை செய்துகொண்டு இருக்கும்போதே, அவர் தந்த வரையறை அச்சில் இருக்கும்போதே, வேண்டுமென்று அதைத் தலைகீழாக்கியது அபூர்வம். அந்தத் தவறு மாக்ஸ்வெல்லையும் தொற்றியது. அதைத் திருத்தியவர், அதுவரை அறிவியல் உலகில் யாரும் கேள்விப்படாத ஓர் அமெரிக்கர். இந்தப் பகுதி முழுவதும் அந்தக் கதைதான். நடந்தது வெறும் பெயர்ச் சண்டை என்றால் இவ்வளவு இடம் கொடுத்திருக்க மாட்டேன். என்ட்ரோபி என்பது உண்மையில் எது, எது அல்ல என்பது தெளிந்ததே இந்தச் சச்சரவில்தான்.

முதலில் கிளாசியஸ். 1850இல் அவர் எழுதிய கட்டுரையை முன்பே பார்த்தோம்: வெப்பம் தானாகக் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குப் போகாது என்ற ஒற்றை அனுமானத்தை வைத்துக் கார்னோவின் கொள்கையைக் காப்பாற்றியவர் அவர். 1854இல் அடுத்த படி ஏறினார். ஒரு பொருள் வெப்பத்தைப் பெறும்போது, அந்த வெப்பத்தின் அளவை அது பெறப்பட்ட தனி வெப்பநிலையால் வகுத்தார். மீளக்கூடிய ஒரு சுற்று முழுவதும் இந்த ஈவுகளைக் கூட்டினால் விடை பூஜ்யம் வந்தது. கூட்டுத்தொகை பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம்? ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு எந்த மீள் பாதையில் போனாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது என்று அர்த்தம். அப்படியானால் அது பாதையின் கணக்கு அல்ல, பொருளின் நிலைக்கே உரிய ஒரு அளவு. அழுத்தமும் பருமனும் வெப்பநிலையும் எப்படிப் பொருளுக்குச் சொந்தமோ அப்படி இதுவும் சொந்தம்.

இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு, பதினோரு ஆண்டுகள் அதற்கு ஒரு நல்ல பெயர் இல்லாமலே கிளாசியஸ் வேலை செய்தார். ‘உருமாற்றத்தின் சமமதிப்பு’ என்று அவர் முதலில் வைத்தது நாக்கில் நிற்காத பெயர். 1865 ஏப்ரல் 24 அன்று ஜூரிக் இயற்கை ஆய்வாளர் கழகத்தில் படித்த கட்டுரையில்தான் ‘என்ட்ரோபி’ பிறந்தது. உருமாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கினார். பழைய மொழிகளிலிருந்து எடுத்தால் எல்லா இன்றைய மொழிகளிலும் மாறாமல் வழங்கும் என்பது அவர் எண்ணம். ‘எனர்ஜி’ என்ற சொல்லோடு ஓசையிலும் ஒத்திருக்க வேண்டும் என்று கருதியே முன்னொட்டைச் சேர்த்தார். இரண்டு அளவுகளும் அவ்வளவு நெருங்கிய உறவு உள்ளவை என்று நினைத்தார். குறியீடாக எஸ் என்ற எழுத்தை வைத்தார். ஏன் எஸ் என்று அவர் காரணம் சொல்லவில்லை. சாடி கார்னோவின் நினைவாக என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை.

அந்தக் கட்டுரையின் முடிவில்தான் வெப்ப இயக்கவியலின் இரண்டு விதிகளையும் இரண்டே வாக்கியங்களில் சொன்னார். பிரபஞ்சத்தின் ஆற்றல் மாறாதது. பிரபஞ்சத்தின் என்ட்ரோபி உச்சத்தை நோக்கிப் போகிறது. பதினைந்து ஆண்டு உழைப்பு அந்த இரண்டு வரிகளில் அடங்கியது.

1867இல் கிளாசியஸின் கட்டுரைகள் ஆங்கிலத்தில் தொகுக்கப்பட்டு லண்டனில் புத்தகமாக வந்தன. அதற்கு முன்னுரை எழுதியவர் ஜான் டிண்டால். இங்கேதான் கதை சிக்கலாகிறது. டிண்டாலுக்கும் டெய்டுக்கும் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பகை. ஜெர்மனியின் மருத்துவர் ராபர்ட் மேயர்தான் ஆற்றல் மாறாமையை முதலில் கண்டவர் என்று டிண்டால் 1862இல் லண்டனில் பேசினார். ஜூலின் பெருமையைப் பறிக்கிறார் என்று டெய்டும் அவருடைய நண்பர் வில்லியம் தாம்சனும் கொதித்தார்கள். அதிலிருந்து வெப்பத்தின் வரலாற்றை யார் எழுதுவது என்பதே ஒரு போர்க்களமாயிற்று. டெய்டின் 1868ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முற்பகுதி அந்தப் போரின் ஆயுதம். பிரிட்டனின் ஜூல், தாம்சன், ரான்கின் மூவரையும் உயர்த்தி, ஜெர்மானியரைப் பின்னுக்குத் தள்ளும் வரலாறு அதில் இருக்கிறது.

டெய்டின் கணிதத் திறமையை நான் மதிக்கிறேன்; தாம்சனோடு சேர்ந்து அவர் எழுதிய இயற்பியல் பெருநூல் ஒரு தலைமுறையையே வளர்த்தது. ஆனால் கிளாசியஸை அவர் நடத்திய விதம் நியாயமற்றது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு முழுமையாகாது.

அதே சமயம், டெய்ட் வெறும் வன்மத்தால் சொல்லைத் திருப்பினார் என்பதும் சரியல்ல. அவருக்கு ஒரு உண்மையான தேவை இருந்தது. 1852இல் தாம்சன் எழுதிய கட்டுரை ஒன்று இயற்கையில் இயந்திர ஆற்றல் எங்கும் சிதறி வீணாகிக்கொண்டே இருக்கிறது என்று நிறுவியது. ஆற்றல் அழிவதில்லை, ஆனால் வேலை வாங்கும் தகுதியை இழக்கிறது. அப்படியானால் இன்னும் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதை அளக்க ஒரு சொல் வேண்டும் அல்லவா? நீராவி எந்திரங்களின் நாட்டில் வாழ்ந்த ஒருவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் எழும். மிஞ்சியிருக்கும் பயனைக் குறிக்க ஒரு நேர்ச்சொல் கிடைக்கட்டும் என்று டெய்ட் நினைத்தார். கிளாசியஸின் அளவு பயனின்மையைச் சுட்டுகிறது என்று எடுத்துக்கொண்டு, அதைத் திருப்பிப் போட்டால் தமக்கு வேண்டியது கிடைத்துவிடும் என்று நம்பினார்.

பிழை அந்த நம்பிக்கையில் இருந்தது. ஒரு கணக்குப் போட்டால் விளங்கிவிடும்.

500 கெல்வின் வெப்பநிலையில் ஒரு பெரிய இரும்புக் கட்டி இருக்கிறது. 300 கெல்வினில் ஒரு பெரிய நீர்த்தொட்டி. இரண்டும் மிகப் பெரியவை என்பதால் சிறிது வெப்பம் போய்வந்தாலும் அவற்றின் வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொள்வோம். இரும்பிலிருந்து நீருக்கு 1000 ஜூல் வெப்பம் சும்மா கடந்து போகிறது. கிளாசியஸின் கணக்கில் இரும்பு இழந்த என்ட்ரோபி 1000ஐ 500ஆல் வகுத்தால் 2. நீர் பெற்றது 1000ஐ 300ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.33. மொத்தத்தில் 1.33 கூடியது, அலகு, கெல்வினுக்கு ஜூல்.

இப்போது டெய்டின் கேள்வி: இந்த நிகழ்வில் எவ்வளவு வேலை வீணாயிற்று? சுற்றுப்புறத்தில் நமக்குக் கிடைக்கும் மிகக் குளிர்ந்த பொருள் அந்த நீர்த்தொட்டிதான் என்றால், கார்னோவின் இலட்சிய எந்திரம் ஒன்று இந்த 1000 ஜூலிலிருந்து 400 ஜூல் வேலை எடுத்திருக்கும். அது போயிற்று. ஆகவே இழப்பு 400. ஆனால் பக்கத்தில் 250 கெல்வினில் ஒரு பெரும் பனிப்பாளம் இருந்தால்? முன்பு 500 ஜூல் வேலை எடுத்திருக்கலாம். வெப்பம் நீருக்கு வந்த பிறகும் நீருக்கும் பனிக்கும் நடுவே எந்திரத்தை வைத்து 167 ஜூல் எடுக்கலாம். இழப்பு 333 மட்டுமே. இரும்புக்கும் நீருக்கும் நடந்தது ஒன்றுதான். அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து வீணான வேலை மாறுகிறது. என்ட்ரோபி ஏற்றமோ இரண்டு கணக்கிலும் அதே 1.33. அதைச் சுற்றுப்புறத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையால் பெருக்கினால் இழப்பு வந்துவிடும்: 300ஆல் பெருக்கினால் 400, 250ஆல் பெருக்கினால் 333.

கிளாசியஸின் என்ட்ரோபி பொருளின் சொந்தச் சொத்து என்பது இதுதான். வேலைக்குக் கிடைக்கும் ஆற்றலும் சரி, கிடைக்காத ஆற்றலும் சரி, சுற்றுப்புறத்தைச் சொல்லாமல் சொல்ல முடியாதவை. அவற்றின் அலகு ஜூல். என்ட்ரோபியின் அலகு ஜூலே அல்ல. ஆகவே கிளாசியஸின் சொல்லுக்கு எதிர்ப்பதமாக டெய்ட் வைத்த பொருள், உண்மையில் அதற்கு எதிர்ப்பதம்கூட அல்ல. வேறொரு இனத்தைச் சேர்ந்த அளவு.

இந்த வேறுபாட்டை மாக்ஸ்வெல் ஏன் கவனிக்கவில்லை? அவருக்கு டெய்ட் பள்ளிக்கால நண்பர். இருவரும் 1831இல் பிறந்தவர்கள், எடின்பரோ அகாடமியில் படித்தவர்கள். 1860இல் எடின்பரோப் பேராசிரியர் பதவிக்கு இருவரும் போட்டியிட்டு டெய்ட் வென்றபோதும் நட்பு குலையவில்லை. டெய்ட் தம் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது மாக்ஸ்வெல்லிடம் கருத்துக் கேட்டார். அதற்கு 1867 டிசம்பரில் வந்த பதிலில்தான் பின்னாளில் ‘மாக்ஸ்வெல்லின் பூதம்’ என்று புகழ்பெற்ற எண்ணம் முதன்முதலாக இடம்பெற்றது. அந்தப் புத்தகத்தோடு மாக்ஸ்வெல்லுக்கு இன்னொரு பந்தமும் உண்டு. இரண்டாம் விதியைச் சொல்லும் ஒரு சமன்பாட்டின் வலப்பக்கத்தில் டெய்ட் ஜே, சி, எம் என்ற மூன்று எழுத்துகளை வைத்திருந்தார். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற பெயரின் முதலெழுத்துகளும் அவையே. அதனால் நண்பருக்கு எழுதும் அஞ்சலட்டைகளில் சமன்பாட்டின் இடப்பக்கத்தைத் தம் கையெழுத்தாக இடுவது மாக்ஸ்வெல்லின் வழக்கமாயிற்று. வெப்ப இயக்கவியலை அவர் டெய்டின் கண்ணால் பார்த்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1871இல் மாக்ஸ்வெல்லின் ‘வெப்பக் கொள்கை’ நூல் வெளிவந்தது. கைத்தொழிலாளரும் மாணவரும் படிப்பதற்கென்று வந்த வரிசையில் ஒன்று. தெளிவுக்குப் பேர்போன புத்தகம். அதில், வேலையாக மாற்ற முடியாத ஆற்றலைக் கிளாசியஸ் என்ட்ரோபி என்கிறார், மாற்றக்கூடிய ஆற்றலை டெய்ட் என்ட்ரோபி என்கிறார் என்று எழுதி, டெய்டின் வழக்கையே மாக்ஸ்வெல் பின்பற்றினார். இரண்டு தவறுகள் ஒன்றாயின. கிளாசியஸ் அப்படிச் சொல்லவே இல்லை; டெய்டின் வழக்கோ தேவையற்ற குழப்பம். பிரிட்டனில் பலர் இந்தப் புத்தகங்களில் வெப்ப இயக்கவியல் கற்றார்கள்.

கிளாசியஸ் சும்மா இருக்கவில்லை. அப்போது அவர் பான் நகரில் பேராசிரியர். 1870ஆம் ஆண்டு பிரான்ஸுடன் நடந்த போரில் மாணவர்களைத் திரட்டிக் காயம்பட்டோரைச் சுமக்கும் படை நடத்தி, தாமும் முழங்காலில் காயப்பட்டுத் திரும்பியிருந்தார். அந்த வலி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1872இல் லண்டன் ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ இதழில் வெப்பக் கொள்கையின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மாக்ஸ்வெல்லின் புத்தகத்தைப் படிக்கும் ஒருவர், இந்தத் துறையில் தாம் என்ன செய்தார் என்பதையே அறிய முடியாது என்ற வருத்தம் அதில் வெளிப்பட்டது. டெய்ட் பதில் எழுதினார். கிளாசியஸ் பதிலுக்குப் பதில். யார் முதலில் எதைச் செய்தார் என்பதிலேயே பக்கங்கள் போயின. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் கடலுக்கு அப்பால் இருந்தார்.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் கல்லூரியில், ஜோசையா வில்லார்ட் கிப்ஸ் என்பவர் 1871இல் கணித இயற்பியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். சம்பளம் இல்லாத பதவி. தந்தை விட்டுச்சென்ற சொத்தில், பிறந்து வளர்ந்த ஊரிலேயே, சகோதரி குடும்பத்தோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். அதற்கு முன் அவர் செய்தவை பற்சக்கரங்களின் வடிவம் பற்றிய முனைவர் ஆய்வும், ரயில் பெட்டிக்கான ஒரு பிரேக்குக்குப் பெற்ற காப்புரிமையும். 1866 முதல் மூன்று ஆண்டுகள் பாரிஸ், பெர்லின், ஹைடல்பர்க் நகரங்களில் விரிவுரைகள் கேட்டுத் திரும்பியிருந்தார்.

இவருடைய தந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பெயரும் ஜோசையா வில்லார்ட் கிப்ஸ்தான். யேலில் சமய இலக்கியப் பேராசிரியர், மொழியறிஞர். 1839இல், மகன் பிறந்த அதே ஆண்டில், ‘அமிஸ்டாட்’ கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் நியூ ஹேவனில் சிறையில் இருந்தார்கள். அவர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. பெரிய கிப்ஸ் சிறைக்குப் போய், அவர்கள் மொழியில் ஒன்று முதல் பத்து வரை எண்ணக் கற்றுக்கொண்டு, நியூயார்க் துறைமுகத்தில் அந்த எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்து, அவற்றைப் புரிந்துகொண்ட ஒரு மாலுமியைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். அவர்தான் நீதிமன்றத்தில் மொழிபெயர்த்தார். கைதிகள் விடுதலை பெற அது வழி செய்தது. ஒரு சொல்லுக்கு அதைப் பேசுபவர் என்ன பொருள் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அலைந்த மனிதரின் மகன் இவர்.

1873இல் மகன் கிப்ஸ் தம் முதல் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டார். கனெக்டிகட் கலை அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் வந்தன. ஐரோப்பாவில் அதை வாங்கிப் படிப்பவர்கள் குறைவு. ஆகவே தனிப்படிகளைத் தாமே அறிஞர்களுக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தார். முதல் கட்டுரை பாய்மங்களின் வெப்ப இயக்கவியலை வரைபடங்களால் காட்டுவது பற்றியது. அதன் தொடக்கத்தில் ஒரு சிறு அடிக்குறிப்பு: என்ட்ரோபி என்ற சொல்லைக் கிளாசியஸ் தந்த பொருளிலேயே இங்கே பயன்படுத்துவதாகவும், டெய்டும் பிறரும் பின்னால் வழங்கிய பொருளில் அல்ல என்றும், இதே அளவுக்கு ரான்கின் ‘வெப்ப இயக்கச் சார்பு’ என்று பெயரிட்டிருக்கிறார் என்றும் அது சொன்னது. அவ்வளவுதான். யாரையும் குறை சொல்லவில்லை, முன்னுரிமைச் சண்டையில் பக்கம் சேரவில்லை.

ஆனால் அடிக்குறிப்பு மட்டும் இருந்திருந்தால் யாரும் மனம் மாறியிருக்க மாட்டார்கள். கட்டுரையின் உடலே அதற்குச் சாட்சியாக இருந்தது. அதுவரை எந்திர வல்லுநர்கள் அழுத்தமும் பருமனும் அச்சுகளாக உள்ள வரைபடத்தையே வரைந்தார்கள். அதில் அடைபடும் பரப்பு வேலையைக் காட்டும். கிப்ஸ் வெப்பநிலையையும் என்ட்ரோபியையும் அச்சுகளாக வைத்தார். அங்கே பரப்பு வெப்பத்தைக் காட்டியது. கார்னோவின் சுற்று, வளைகோடுகளால் ஆன அந்தப் பழைய கோணல் வடிவம், சாதாரணச் செவ்வகமாக மாறிவிட்டது. செவ்வகத்தின் உயரம் இரண்டு வெப்பநிலைகளின் வேறுபாடு. கார்னோ எந்திரத்தின் திறன் வெப்பநிலைகளை மட்டுமே சார்ந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்குகிறது. அரை நூற்றாண்டு விவாதித்த விஷயம் ஒரு பள்ளிச் சிறுவன் வரையக்கூடிய படத்தில் வந்து நின்றது. பொருளின் சொந்தச் சொத்தாக இருக்கும் ஓர் அளவைத்தான் இப்படி அச்சாக வைக்க முடியும். டெய்டின் என்ட்ரோபியை வைத்து இந்தப் படத்தை வரையவே முடியாது. சுற்றுப்புறம் மாறும்போதெல்லாம் படமும் மாறும்.

அந்த அஞ்சல்படிகளில் ஒன்று கேம்பிரிட்ஜில் இருந்த மாக்ஸ்வெல்லின் கைக்கு வந்தது. அவர் படித்தார். 1873 டிசம்பர் 1 அன்று டெய்டுக்கு எழுதினார்: கிளாசியஸின் என்ட்ரோபி பயன்படாத ஆற்றல் என்ற பிழையை உன் புத்தகத்திலிருந்துதான் நான் உறிஞ்சிக்கொண்டேன், பேராசிரியர் கிப்ஸ் வழிகாட்டிய பிறகு அதைக் கைவிடுகிறேன், அது பயன்படும் ஆற்றலும் அல்ல, பயன்படாத ஆற்றலும் அல்ல. இது அந்தக் கடிதத்தின் சாரம்.

நண்பருக்கு எழுதும் கடிதத்தில் தவறை ஒப்புக்கொள்வது எளிது. மாக்ஸ்வெல் அதோடு நிற்கவில்லை. 1875இல் ‘வெப்பக் கொள்கை’யின் நான்காம் பதிப்பு வந்தபோது, முந்தைய பதிப்புகளில் கிளாசியஸின் சொல்லுக்குத் தாம் தவறான பொருள் சொன்னதாகவும், பிறகு வேறொரு பொருளில் அதைப் பயன்படுத்தி வெப்ப இயக்கவியலின் மொழியில் பெருங்குழப்பத்தைப் புகுத்தியதாகவும், இப்பதிப்பில் கிளாசியஸின் மூல வரையறையையே பின்பற்ற முயன்றிருப்பதாகவும் அச்சிலேயே எழுதினார். மின்காந்தக் கொள்கையை உலகுக்குத் தந்து முடித்திருந்த மனிதர், கேவண்டிஷ் ஆய்வகத்தின் முதல் பேராசிரியர், ஒரு பாடப்புத்தகத்தில் இப்படி எழுதினார். அவருடைய சமன்பாடுகளுக்குச் சமமாக இதையும் நான் மதிக்கிறேன்.

அதே பதிப்பில் கிப்ஸின் இரண்டாம் கட்டுரைக்கும் இடம் கொடுத்தார். அந்தக் கட்டுரையில் கிப்ஸ் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். பருமன், என்ட்ரோபி, ஆற்றல் மூன்றையும் மூன்று திசைகளாக வைத்தால் ஒரு பொருளின் எல்லா நிலைகளும் சேர்ந்து வெளியில் ஒரு மேற்பரப்பாகும். அதன் மேல் எந்தப் புள்ளியிலும் ஒரு திசையில் உள்ள சரிவு வெப்பநிலையைத் தரும். மற்றத் திசைச் சரிவு, குறி மாறி, அழுத்தத்தைத் தரும். ஒரு தட்டையான தளம் அந்தப் பரப்பை ஒரே நேரத்தில் மூன்று புள்ளிகளில் தொட்டால், அந்த மூன்றும் பனிக்கட்டியும் நீரும் ஆவியும் சேர்ந்து வாழும் நிலைகள்.

கிப்ஸின் கட்டுரையில் இந்தப் பரப்புக்கு முழு உருவம் இல்லை; வாசகர் மனத்தில்தான் பார்க்க வேண்டும். மாக்ஸ்வெல்லுக்கு அது போதவில்லை. 1874-75 குளிர்காலத்தில் களிமண்ணை எடுத்து, தண்ணீரைப் போன்ற ஒரு கற்பனைப் பொருளுக்கு அந்தப் பரப்பைத் தம் கையாலேயே வனைந்தார். அதிலிருந்து பாரிஸ் சாந்தில் வார்ப்புகள் எடுத்தார். சம வெப்பநிலைக் கோடுகளையும் சம அழுத்தக் கோடுகளையும் அதன் மேல் வரைய அவர் கையாண்ட வழி அழகானது: வார்ப்பை வெயிலில் வைத்து, கதிர் பரப்பை உரசிக்கொண்டு போகும் இடங்களைப் பென்சிலால் தொடர்ந்து வரைந்தார். ஒரு திசையில் சரிவு சமமாக உள்ள புள்ளிகளைத்தான் கதிர் ஒருசேர உரசும், சரிவுதான் வெப்பநிலை. வார்ப்புகளில் ஒன்றை நியூ ஹேவனுக்கு அனுப்பினார். அது இன்றும் யேலில் இருக்கிறது, இன்னொன்று கேம்பிரிட்ஜில்.

1876இலும் 1878இலும் இரண்டு பாகங்களாகக் கிப்ஸின் பெருங்கட்டுரை வந்தது. பலபடித்தான பொருள்களின் சமநிலை பற்றியது அது. இன்றைய வேதியியலுக்கும் உலோகவியலுக்கும் அடித்தளம். அதன் முகப்பில் கிளாசியஸின் 1865ஆம் ஆண்டு வாக்கியங்கள் இரண்டையும் ஜெர்மன் மொழியிலேயே கிப்ஸ் பொறித்தார். 1888இல் கிளாசியஸ் இறந்தபோது அமெரிக்கக் கலை அறிவியல் அகாடமிக்காக இரங்கல் கட்டுரை எழுதியவரும் கிப்ஸ்தான். வெப்ப இயக்கவியல் ஓர் அறிவியலாக நிலைபெற்றது கிளாசியஸின் 1850ஆம் ஆண்டுக் கட்டுரையோடுதான் என்பது அதில் அவர் தந்த தீர்ப்பு. டெய்டின் வரலாற்றுக்கு அதைவிடத் தெளிவான மறுமொழி இல்லை. அதற்குள் மாக்ஸ்வெல் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. 1879இல், 48 வயதில் போய்விட்டார். அதே 1879இல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயர்ந்த விருதான காப்ளி பதக்கத்தைக் கிளாசியஸுக்கு வழங்கியது.

பொருள் சீரானதால் பயன்பாடு சீராகிவிடவில்லை. பிரிட்டனின் எந்திர வல்லுநர்கள் வெப்பநிலை–என்ட்ரோபி வரைபடத்தை ‘தீட்டா–ஃபை படம்’ என்று பெயரிட்டு நாள்தோறும் வரைந்தார்கள். ஆனால் வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி என்று மொட்டையாக மனப்பாடம் செய்தார்கள். மீளக்கூடிய பாதையில் மட்டுமே அது செல்லும் என்ற நிபந்தனை காணாமல் போயிற்று. அதைக் கண்டித்து 1902-03இல் மின் பொறியாளர் கழகத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஸ்வின்பர்ன் ஒரு விவாதத்தைக் கிளப்பினார். ஜான் பெர்ரி, ஆலிவர் லாட்ஜ் எதிர்த்தும் விளக்கியும் எழுதினார்கள். ஐரோப்பாவிலிருந்து மாக்ஸ் பிளாங்க்கும் ஆன்றி புவாங்கரேயும் கடிதம் அனுப்பினார்கள். சொல் பிறந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் பொருள் என்ன என்று இவ்வளவு பெரியவர்கள் விவாதித்தார்கள்.

ஸ்வின்பர்ன் பக்கத்தில் நியாயம் இருந்தது. ஒரு மோல் வாயு, வெற்றிடம் ஒன்றுக்குள் தானாகப் பாய்ந்து இரண்டு மடங்கு பருமனுக்கு விரிகிறது என்று கொள்வோம். வெப்பம் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. மனப்பாடச் சூத்திரத்தின்படி என்ட்ரோபி மாற்றம் பூஜ்யம். உண்மையில் அது கெல்வினுக்கு 5.76 ஜூல் கூடியிருக்கிறது. அதைக் காண, அதே தொடக்கத்திலிருந்து அதே முடிவுக்குப் போகும் மெதுவான மீள் பாதை ஒன்றைக் கற்பனை செய்து அதன் வழியே கணக்கிட வேண்டும். கிளாசியஸ் 1865இலேயே இதைச் சொல்லியிருந்தார்.

அப்படியானால் டெய்ட் தேடிய அந்த மற்ற அளவு என்ன ஆயிற்று? அதன் தேவை பொய்யல்ல என்று முன்பே சொன்னேன். ஒரு பொருளும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்து தரக்கூடிய ‘பயன்படும் ஆற்றலை’ 1873ஆம் ஆண்டின் இரண்டாம் கட்டுரையிலேயே கிப்ஸ் தனியாக வரையறுத்துவிட்டார். என்ட்ரோபியோடு அதைக் கலக்கவில்லை. பிரான்ஸில் 1889இல் லூயி ஜார்ஜ் கூய், பின்னர் ஜூரிக்கில் நீராவிச் சுழலி நிபுணர் ஔரல் ஸ்டோடலா, வீணான வேலை என்பது கூடிய என்ட்ரோபியைச் சுற்றுப்புற வெப்பநிலையால் பெருக்கிய அளவு என்று நிறுவினார்கள். நம் இரும்புக் கட்டியின் 400 ஜூல் அந்தக் கணக்குத்தான். அந்த அளவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் கிடைக்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்லோவேனியப் பொறியாளர் ஸோரான் ரான்ட் அதற்கு ‘எக்ஸர்ஜி’ என்று பெயர் வைத்தார். இன்று அனல் மின்நிலையத்தில் கொதிகலனில் எவ்வளவு வீணாகிறது, சுழலியில் எவ்வளவு, குளிர்விப்பானில் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் போடுவது எக்ஸர்ஜிக் கணக்கு.

கிப்ஸ் வரைபடத்தில் என்ட்ரோபிக்கு இடம் கொடுத்தாரே தவிர, அது பொருளுக்குள் எங்கே இருக்கிறது என்று 1873இல் சொல்லவில்லை. மூலக்கூறுகளை எண்ணி அதைச் சொல்ல முடியும் என்று அப்போது வியன்னாவில் ஒருவர் பிடிவாதமாக முயன்றுகொண்டிருந்தார். லூட்விக் போல்ட்ஸ்மனின் 1877ஆம் ஆண்டுக் கட்டுரையை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.